எண்ணின் இனமும் எண்ணின் இடமும்

திருவிதாங்கூர் அரசின் கருவூலங்களில் முற்காலத்தே சக்கரப் பலகை என்றொரு கருவி வழங்கிற்று. சக்கரம் என்பது அவ்வரசு வெளியிட்ட வெள்ளிக்காசு; சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. அதனை விரலால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணப் புகுந்தால் பொழுதும் போகும், எண்ணிக்கையும் பிழைபடும். ஆகவே ஒரு மரப்பலகையில், காசு ஒன்று மட்டுமே அமரத்தக்க குழிகளை வரிசை வரிசையாக அகழ்ந்து வைத்தனர். கணக்கர் ஒரு பிடிச் சக்கரத்தை அப்பலகையின்மீது கொட்டுவார், மெல்ல ஆட்டுவார், மிகுந்ததைக் கையால் வழித்துவிடுவார். குழிகள் யாவும் நிறைந்திருப்பின் அப்பலகைக்குரிய தொகை சரி.

இக்கருவியில் இரண்டு வரையறைகள் அடங்கியுள்ளன. குழி சக்கரத்துக்கென்றே அமைந்தது. வேறு காசு அதில் அமராது. இஃது இனம் பற்றிய வரையறை. குழிகளின் தொகையும் முன்னரே முடிவு செய்யப்பட்டது. அதற்குமேல் ஒரு காசு வந்தாலும் அது வழிந்து வெளியே போகும். இஃது இடம் பற்றிய வரையறை. இன்று வங்கிகளிலும் காப்பீட்டு நிலையங்களிலும் இயங்கும் பெருங்கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதுவோர், ஒவ்வோர் எண்ணையும் குறித்து முதலில் அறிவிக்க வேண்டியனவும் இவ்விரண்டே. அவ்வெண் எவ்வினத்தது? அதற்கு எத்தனை இலக்க நீளம்? கூட்டலுக்கோ பெருக்கலுக்கோ உட்படும் எண்ணை அவர்கள் ஆப்பரண்டு என்பர். நாம் செயலேற்பி என்போம். செயலேற்பியின் இனமும் நீளமும் தவறினால், கூட்டல் முறை எவ்வளவு செம்மையாயிருப்பினும் விடை தவறிவிடும். இவ்வுண்மையைக் கணிப்பொறி வருமுன்னரே நாஞ்சில் நாட்டுக் கணக்கர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதைச் சில சான்றுகளால் காண்போம்.

17-உம் 9-உம் கூட்டினால் என்ன என்று ஒரு மாணவனைக் கேட்டால் 26 என்பான். எமது பக்கத்துப் பழங்கணக்கர் அவ்வளவில் விடை கூறார். 17 என்றால் எது என்று திரும்பக் கேட்பார். நெல் மரக்காலாயின், 21 மரக்கால் ஒரு கோட்டை. ஆகவே விடை 1 கோட்டை 5 மரக்கால். திருவிதாங்கூர்ச் சக்கரமாயின், 4 சக்கரம் ஒரு பணம். ஆகவே 6 பணம் 2 சக்கரம். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலிச் சீமையில் வழங்கிய அணாவாயின், 16 அணா ஒரு ரூபாய். ஆகவே 1 ரூபாய் 10 அணா. எண்கள் இரண்டும் அவையே, செயலும் அதுவே, விடை மட்டும் மூன்று வேறு.

ரூபாய் என்னும் சொல்லே இருவகைப் பொருள் தந்து நின்றது. திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக அந்த ரூபாய்க்கு 28 சக்கரம். ஆங்கில அரசின் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு, அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம். ஒரு வணிகர் இந்த ரூபாய் 10-உம் அந்த ரூபாய் 10-உம் வைத்திருந்து, இருபது ரூபாய் என்று எழுதினால் அது பிழை. சக்கரமாக மாற்றிப் பார்த்தால் 280-உம் 285-உம் சேர்ந்து 565. திருவிதாங்கூர்க் கணக்கில் 20 ரூபாய் 5 சக்கரம். இருவேறு இனத்து எண்களைக் கூட்டுமுன் ஓரினமாக்க வேண்டும் என்னும் விதியை, இக்கணவாயின் இருபுறமும் வாணிகம் செய்தோர் எவரும் பள்ளியிற் சென்று கற்க வேண்டியிருக்கவில்லை.

கோட்டை என்பதும் அவ்வாறே. களத்தில் அளக்கும் நெல்லுக்கும் கோட்டை; ஒரு கோட்டை விதை விதைக்கத்தக்க நிலத்துக்கும் கோட்டை. இன்னாருக்கு ஐந்து கோட்டை உண்டு என்றால், களஞ்சியத்திலா வயலிலா என்பது பேச்சின் போக்கால் விளங்கும். எழுதும்போது அவ்விளக்கம் போதாது; எனவே விதைப்பாடு என்றொரு சொல்லைச் சேர்த்தனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் தேடிக்கண்ட அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கு ஒரு பெருங்களஞ்சியம். அத்தகைய பழைய ஆவணங்களைப் புரட்டுவோர், வெறும் எண் தனித்து நிற்பதைக் காண்டல் அரிது. எதன் எண், எந்த அளவையால் என்பது உடன் நிற்கும்.

இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில், நெல்லை ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்காலால் அளந்ததாகவும், அம்மரக்கால் இராசகேசரி என்னும் அளவையோடு ஒத்தது என்றும் குறித்திருக்கின்றனர். பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் கல்லால்; மணிகளை நிறுத்தது தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், எண்ணை எழுதுவதற்கு முன் அதன் இனத்தை அறிவித்த முறை இது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட காலத்தில், எந்த மரக்கால் என்று சொல்லாமல் நூறு மரக்கால் என்று எழுதிவிட்டால், கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் வழக்கு எழுவது உறுதி. குத்தகை செலுத்தும் ஏழை உழவனே அவ்வழக்கில் பெரும்பாலும் தோற்றிருப்பான்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனனம் செய்த நூல்களின் பெயர்களும் இதனையே காட்டும். பொன்னிலக்கம் என்று ஒரு சுவடி. நெல்லிலக்கம் என்று மற்றொரு சுவடி. பெருக்கல் வாய்பாட்டுக்கு எண்சுவடி. நில அளவுக்குக் குழிமாற்று. நெல்லிலக்கத்தில் 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஐந்து, இரண்டு, எட்டு, மூன்று என்று படிக்குப் படி பெருக்கம் மாறுவதால், இடத்துக்கு இடம் கைக்கொண்டு போகும் எண்ணும் மாறும். இதனைப் பற்றி ஆராய்ந்த செந்தில் பாபு அவர்கள் 2022-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், தென்னாட்டுக் கணக்குப் பயிற்சியும் மக்கள் வாழ்வும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை விரித்துரைக்கும். கல்லூரி மாணவர்கள் அதனைத் தேடிப் படித்தல் நன்று.

பின்னங்களின் செய்தி இன்னும் சுவையானது. ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. 80-இல் ஒன்று காணி. 20-இல் ஒன்று மா. 16-இல் ஒன்று மாகாணி, அதாவது மாவும் காணியும் சேர்ந்தது. முந்திரிக்குக் கீழே போக வேண்டின், முந்திரியையே ஒன்றாக வைத்து மீண்டும் 320 கூறாக்கினர். அது கீழ்முந்திரி, 102400-இல் ஒன்று. ஓர் அளவு நீளம் போதாதபோது இரட்டை நீளத்தை எடுத்தாளும் இன்றைய கணிப்பொறியாளரின் வழியும் இதுவே. 320 என்னும் எண்ணில் இரண்டும் ஐந்தும் காரணிகளாக இருப்பதை மாணவர்கள் நினைவில் இருத்துக. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஐந்து திங்கள் கழிந்து, 1957 ஏப்ரல் 1-ஆம் நாள், நாடெங்கும் பதின்ம நாணயம் வந்தது. சக்கரக் கணக்கை மறந்து அணாவுக்குப் பழகிய மக்கள், அணாவையும் மறந்து நயா பைசாவுக்குப் பழக நேர்ந்தது. ஓர் அணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று அட்டவணை வகுத்தனர். ஓர் அணாப் பொருளை நான்கு முறை தனித்தனியே வாங்கியவர் 24 பைசா கொடுத்தார். ஒருசேர வாங்கியவர் 25 பைசா கொடுத்தார். பின்னத்துக்கு இடம் இல்லாவிடின் எங்கே வெட்டுவது, எப்போது வெட்டுவது என்னும் கேள்வி அன்றைக்குச் சந்தைக்கே வந்துவிட்டது. கூட்டிய பின் வெட்டுவதும், வெட்டிய பின் கூட்டுவதும் ஒன்றல்ல.

அக்காலத்திலேதான் கணிப்பொறியும் இந்தியாவுக்கு வந்தது. 1955-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிலையத்தில் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு பொறி நிறுவப்பட்டது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே அமைத்த டிஃப்ராக் என்னும் பொறி 1960-இல் பணி தொடங்கிற்று. அதில் ஓர் எண்ணுக்குரிய இடம் 40 இருமக்குறிகள். இருமக்குறியைப் பிட் என்பர். அத்தகைய இடங்கள் 2048 இருந்தன. இன்று ஒரு மாணவன் கையிலுள்ள தொலைபேசியில் ஒரு நிழற்படம் கொள்ளும் இடத்தில் நூற்றில் ஒரு பங்கும் அன்று அந்நிலையத்தின் பேரறிஞர்களுக்குக் கிட்டவில்லை. இடம் அருமையாயிருந்த காலத்தில் எண்ணின் நீளத்தைக் குறித்து எவ்வளவு கவலை இருந்திருக்கும் என்பதை இதனால் உய்த்துணரலாம்.

1963-இல் கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்த ஐ.பி.எம். 1620 என்னும் பொறி எமது திண்ணைப் பள்ளிப் பிள்ளையை நினைவூட்டுவது. அதற்குத் தானாகக் கூட்டத் தெரியாது! கூட்டல் வாய்பாட்டை நினைவகத்தில் 100 இடங்களிலும், பெருக்கல் வாய்பாட்டை 200 இடங்களிலும் பொறித்து வைத்திருப்பர். இரண்டு இலக்கங்களைக் கூட்ட வேண்டுமெனில் பொறி அவ்வாய்பாட்டைத் தேடிப் பார்த்து விடையை எடுக்கும். வாய்பாடு அழிந்தால் கணக்கும் அழிந்தது. எண்சுவடியை மனனம் செய்யாத மாணவனின் நிலை அதற்கும். அப்பொறியில் எண்ணுக்கு நிலையான நீளம் கிடையாது. எண்ணின் தலை இலக்கத்தின்மீது ஒரு குறி இட்டு, இவ்விடத்தோடு இவ்வெண் முடிந்தது என்று காட்டினர். குறி இட மறந்தால் பக்கத்திலுள்ள எண்ணையும் தன் எண்ணாகவே கருதிப் பொறி வாசித்துக்கொண்டே போகும். வரப்பில்லாத வயலில் எவன் கதிரை எவன் அறுப்பான் என்பது தெரியாதன்றோ?

1964 ஏப்ரல் 7-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் பெருங்கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. அதனை அடுத்து வந்த 370 வரிசையைச் சேர்ந்த பொறியொன்று 1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. தமிழகத்து மாணவர் பலர் பெருங்கணிப்பொறியை முதன்முதற் கண்டது அங்கேதான். இக்குடும்பத்தில் எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டு என்று கொண்டமைக்கு ஒரு காரணம், பதின்ம இலக்கம் ஒன்றுக்கு நான்கு பிட் போதும்; ஆகவே ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடக்கலாம் என்பது.

எண்களுக்கு அங்கே பல இனங்கள் வகுத்தனர். முழுஎண்ணை இருமமுறையில் வைத்தல் ஓரினம். அதில் இரண்டு பைட் கொண்ட குறுநீளமாயின் 32,767 வரையே ஏறும். நான்கு பைட் ஆயின் 2,147,483,647 வரை ஏறும். மிகப் பெரியவும் மிகச் சிறியவுமான அறிவியல் அளவுகளுக்கு மிதவைப்புள்ளி எண் மற்றோர் இனம். வணிகக் கணக்குக்குப் பதின்ம எண். அதிலும் பைட்டுக்கு ஓர் இலக்கமாக விரித்து வைப்பது ஒருவகை, பைட்டுக்கு இரண்டு இலக்கமாகச் செறித்து வைப்பது ஒருவகை. செறித்த எண்ணில் கடைசி அரைப் பைட்டில் மிகையா குறைவா என்னும் குறி அமரும். 12345 என்னும் எண் மூன்று பைட்டில் அடங்கும். 1234 என்பதற்கும் மூன்று பைட்டே வேண்டும், தலையில் ஒரு சுழி சேர்ந்துவிடும். இவ்வகை எண்ணின் மிகுநீளம் 16 பைட். அதாவது 31 இலக்கமும் ஒரு குறியும்.

பணத்துக்கு மட்டும் பதின்ம இனத்தைத் தனியே ஏன் வைத்தனர் என்று கேட்கலாம். முன்னர் நினைவில் இருத்துக என்று கூறிய 320 இங்கே வருகின்றது. நம் பின்னத்தில் 10-இல் ஒன்று இருமா. மிச்சமின்றி முடிந்துவிடும், ஏனெனில் 320-இல் ஐந்து என்னும் காரணி உண்டு. இருமமுறையிலோ இரண்டு மட்டுமே காரணி. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகவே அது இறங்கும். 10-இல் ஒன்றை எழுதப் புகுந்தால் முடிவின்றி நீளும். எங்கேனும் வெட்டியாக வேண்டும். ரூபாயில் பத்துப் பைசாவைத் துல்லியமாக எழுத இயலாத இனத்தை வங்கிக் கணக்குக்கு வைப்பது தகுமா? ஆகவே 1960-இல் வெளியான கோபால் என்னும் வணிக நிரல்மொழியில் (நம் ஊர்ப் பெயர் போல் ஒலிப்பினும் அஃது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துத் தொகை) ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை இலக்கம், புள்ளி எங்கே என்று படம் வரைந்தாற்போல் முன்னரே அறிவிக்க வேண்டும். அதற்கு மூத்ததாகிய ஃபோர்ட்ரான் 1957-இல் அறிவியலார்க்கென எழுந்தது. பெயரின் முதலெழுத்து ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளுள் ஒன்றாயின் அது முழுஎண் என்று தானே கொள்ளும். அங்கே 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, மூன்றரை அன்று. அரையைத் தேடிய மாணவர்கள் தலையில் கைவைத்த கதை எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

நீளத்தின் கண்டிப்பு பெருக்கலில் நன்கு புலப்படும். 125 என்னும் எண்ணை 875-ஆல் பெருக்க வேண்டும் என்க. முதலது மூவிலக்கம், இரண்டு பைட். இரண்டாவதற்கு ஐந்திலக்க இடம் கொடுத்திருந்தால் அது 00875, மூன்று பைட். விடை 109375, நான்கு பைட்டில் அடங்கிவிடும். ஆயினும் 360 பொறி அதற்கு ஒப்பாது. விடை அமரவேண்டிய இடத்திலேயே பெருக்கப்படும் எண் முன்னர் இருக்க வேண்டும். பெருக்கும் எண் எத்தனை பைட்டோ அத்தனை பைட் சுழிகள் அதன் தலையில் இருத்தல் வேண்டும். ஆகவே 125-க்கு ஐந்து பைட் ஒதுக்கியாக வேண்டும். அறுவடைக்கு முன்னரே களத்தைத் தூர்த்து அகலப்படுத்தி வைக்கும் உழவனின் முறை இது. ஒதுக்காவிடின் பொறி கணக்கை நிறுத்திவிடும். தவறான விடையைத் தருவதினும் அது மேல்.

வெற்றிடமும் சுழியும் ஒன்றல்ல என்பதும் அதன் கண்டிப்புகளுள் ஒன்று. எண் இருக்க வேண்டிய இடத்தை நிரப்பாமல் வெறுமையாக விட்டு, அதனைக் கூட்டச் சொன்னால், அங்கே இலக்கம் இல்லை, குறியும் இல்லை என்று பொறி நின்றுவிடும். நிரலாளர்கள் இப்பிழையை அதன் எண்ணாகிய சுழி-சி-ஏழு என்று பெயர் சொல்லியே அழைப்பர்; நள்ளிரவில் அவர்களை உறக்கத்தினின்று எழுப்பிய பிழைகளுள் இதற்கே முதலிடம் தரலாம். மதிப்பெண் பட்டியலில் தேர்வுக்கு வாராதவனுக்கும் சுழி வாங்கியவனுக்கும் வேறுபாடு காட்ட வேண்டும் என்று இளம் ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லி அலுத்த எனக்கு, இப்பொறியின்மீது ஒரு தனி மதிப்பு உண்டு.

ஆனால் எல்லா மொழிகளும் இவ்வாறு நின்று எச்சரிப்பதில்லை. 360 குடும்பத்துக்கென உருவான பி.எல். ஒன்று என்னும் மொழியில் ஒரு புகழ்பெற்ற கணக்கு உண்டு. 25-ஐயும் 1/3-ஐயும் கூட்டுக. சிறுவனும் இருபத்தைந்தே மூன்றில் ஒன்று என்பான். 15 இலக்க எல்லை கொண்ட அதன் தொடக்ககால அமைப்பில் வந்த விடையோ 5.33333333333333! காரணம் இது. 1 என்பது ஓரிலக்க எண். அதனை 3-ஆல் வகுத்தால், முழுப்பகுதிக்கு ஓர் இலக்கம் விட்டு எஞ்சிய 14 இலக்கங்களையும் பின்னத்துக்குக் கொடுத்துவிடும். அதனோடு 25-ஐக் கூட்டும்போது, 14 பின்ன இலக்கங்களைக் காக்க வேண்டி, முழுப்பகுதிக்கு ஓரிலக்கமே எஞ்சுகின்றது. 25-இல் 5 அமர்ந்தது. 2 வழிந்து போயிற்று. சக்கரப் பலகையில் கையால் வழித்துவிட்டது போலத்தான். ஆயின் இங்கே வழிந்தது இருபது. வழிந்தது என்று அறிவிக்கும் ஏற்பாட்டை நிரலாளர் அடைத்து வைத்திருந்தால், பொறி வாய்திறவாது.

இதற்கு மாற்று என்ன? 1/3 என்பதற்குப் பதில் 01/3 என்று எழுதினாற் போதும்! 01 என்றால் ஈரிலக்க எண், பின்னத்துக்கு 13 இலக்கமே போகும், முழுப்பகுதிக்கு ஈரிலக்க இடம் எஞ்சும், 25.3333333333333 என்று சரியான விடை வரும். எண்ணின் இடப்பக்கத்தில் நிற்கும் சுழிக்கு மதிப்பில்லை என்று முப்பதாண்டுக் காலம் வகுப்பறையிற் கூறி வந்தவன் யான். மதிப்பில்லை என்பது உண்மையே. ஆனால் அது இடத்தைக் காக்கின்றது.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று எண்ணற்க. 1991 பிப்ரவரி 25-ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்னுமிடத்தில் அமெரிக்கப் படைவீடொன்றன்மீது ஈராக்கின் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் மாண்டனர். அதனைத் தடுக்க நிறுத்தியிருந்த பேட்ரியாட் எதிர்க்கணை எழவே இல்லை. அதன் கணிப்பொறி காலத்தை நொடியில் பத்திலொன்றாக எண்ணிற்று. பத்திலொன்றை 24 பிட் இடத்தில் வெட்டி வைத்திருந்தனர். ஒவ்வொரு முறையும் ஏற்பட்ட குறை நொடியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. பொறியை நிறுத்தாமல் நூறு மணி நேரம் ஓட்டியதால் முப்பத்தாறு இலட்சம் முறை அக்குறை சேர்ந்து, 0.34 நொடியாயிற்று. அந்நேரத்துள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பொறி தவறான வானத்தை நோக்கிக்கொண்டிருந்தது. நம் முன்னோர் இருமா என்று ஒரு சொல்லால் முழுமையாக எழுதிய அதே பின்னம் அங்கே 28 உயிர்களுக்கு இறுதியாயிற்று.

1996 ஜூன் 4-ஆம் நாள் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்தினின்று முதன்முதலாக எழுந்த ஏரியன் 5 ராக்கெட்டு ஒரு நிமிடமும் பறக்கவில்லை. கிடைவேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை, 64 பிட் மிதவைப்புள்ளி இனத்தினின்று 16 பிட் முழுஎண் இனத்துக்கு மாற்ற நிரல் முயன்றது. அவ்விடத்தில் 32,767-க்கு மேல் அமராது. முந்தைய ஏரியன் 4 ராக்கெட்டுக்கு அவ்விடம் போதியது. புதியது அதனினும் விரைவாகச் சென்றது. பழைய மரக்காலைப் புதிய களத்துக்கு அப்படியே தூக்கி வந்ததன் விளைவு வானிற் சிதறிற்று.

இனி, ஆண்டின் நீளத்தைப் பற்றி ஒரு சொல். துளை அட்டைகளில் 80 எழுத்துக்கே இடம் இருந்த காலத்தில், 1965 என்பதை 65 என்று எழுதி இரண்டு இடத்தை மிச்சம் பிடித்தனர். அதன் பயனாக 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகெங்கும் கோடிக்கணக்கான நிரல் வரிகளைத் தேடித் திருத்த நேர்ந்தது. இந்திய இளைஞர் பல்லாயிரவர்க்கு அது பிழைப்பும் தந்தது. 99-இல் கடன் வாங்கியவர் 05-இல் திருப்பினால், ஆண்டு வேறுபாடு 5-இலிருந்து 99-ஐக் கழித்துக் குறை 94. குறைக்குறிக்கு இடமில்லாத எண்ணாயின் 94 ஆண்டு வட்டி!

இப்பழக்கமும் நமக்குப் புதிதன்று. 1924 ஜூலையில் திருவிதாங்கூரின் வடபகுதிகளை அழித்த பெருவெள்ளத்தை மலையாள நாட்டார் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே வழங்குவர். கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டில் அது 1099. ஆயிரத்தை விட்டு ஈரிலக்கமாகச் சொன்னார்கள். வெள்ளம் வந்தது ஆடித் திங்களில். அடுத்த ஆவணியில் ஆண்டு 1100 பிறந்தது. 99-ஐ அடுத்து 00 வந்த அச்சம் அன்றைய கணக்கர் எவர்க்கும் எழவில்லை, ஏனெனில் ஓலையிலும் தாளிலும் வேண்டியபோது இரண்டு எழுத்தைக் கூட்டி எழுதிக்கொள்ள இடம் இருந்தது.

பொறிகளுக்கு அந்த வசதி இல்லை. 1970-ஆம் ஆண்டு தொடங்கி நொடிகளை 32 பிட் இடத்தில் எண்ணிவரும் கணிப்பொறி நிரல்களுக்கு 2038 ஜனவரி 19-ஆம் நாள் இடம் தீர்ந்துபோகும். நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. கொல்லம் ஆண்டு அப்போது 1213. பொங்கல் கழிந்து சில நாளே ஆகியிருக்கும். ஐ.பி.எம். 370 குடும்பத்துப் பெருங்கணிப்பொறியின் கடிகாரம் 64 பிட் நீளமுடையது. 1900 ஜனவரி 1 தொடங்கி எண்ணிவரும் அக்கடிகாரத்தின் இடம் 2042 செப்டம்பர் 18-ஆம் நாள் நம் நேரப்படி விடியற்காலை 5 மணி 23 நிமிட அளவில் நிறையும். நீளம் கூட்டிய புதிய கடிகார வடிவத்தை அந்நிறுவனத்தார் முன்கூட்டியே வகுத்துவிட்டனர். பழைய நீளத்தையே நம்பி எழுதப்பட்ட நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்தும் வேலை எஞ்சியுள்ளது. இவ்வுரையைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் அவ்வேலையில் அமர்ந்திருக்கக் கூடும்.